ஆறு தந்திக்கு ஆறு பெட்டி

சாம்பாரில் கிடக்கிற காயையெல்லாம் பொறுக்கி இலையின் ஓரத்தில் வரிசையாக வைத்துவிட்டுத்தான் அவர் சோற்றில் கை வைப்பார். முருங்கைக்காய் ஒரு பக்கம், கத்தரிக்காய் ஒரு பக்கம். ரசம் வருவதற்குள் சாம்பார்ச் சோறு ஒரு பருக்கைகூட மிச்சம் இருக்கக் கூடாது. எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரும்போதெல்லாம் பரிமாறிப் பரிமாறிச் சலித்துப்போய் எங்கள் அம்மா ஒருநாள் கேட்டேவிட்டாள்.

“ஏய்யா, வயித்துக்குள்ள போனா எல்லாம் ஒண்ணாத்தான கெடக்கப் போகுது? ஒனக்கு மட்டும் ஆறு வயிறா இருக்கு?”

“உள்ள போனப்பறம் எப்படியும் கெடந்துட்டுப் போகட்டும் ஆத்தா. நாக்குல இருக்க வரைக்கும் எது எதுன்னு தெரியணும்ல?”

எது எதுன்னு தெரியணும். அவர் பேச்சே இதுதான். அவர் இல்லாத நேரத்தில் எங்கள் பாட்டுக் குழுவின் வேனில் உட்கார்ந்து, அவரைப் போலவே மூக்கை உறிஞ்சிக்கொண்டு இதைச் சொல்லிக் காட்டி நாங்கள் சிரிப்போம். அதில் என் தம்பி செல்வம்தான் கெட்டிக்காரன். அச்சு அசலாகச் செய்வான்.

செல்வம் இப்போது இல்லை. அவன் சாவைச் சொல்லாமல் இந்த மனிதரைப் பற்றிச் சொல்ல முடியாது. அவன் போன பிறகு எங்கள் அம்மாவின் வாயிலிருந்து ஒரு சொல் வர வேண்டும் என்று இவர் வருசக்கணக்கில் காத்துக் கிடந்தார். ஆறுதல் சொல் இல்லை, வசவு. அந்தக் காத்திருப்பை முழுசாகப் பார்த்தவள் நான் ஒருத்திதான். அதனால் எழுதுகிறேன். பேரைப் போடவில்லை. போட்டால் மணமேல்குடியில் யாரைக் கேட்டாலும் வீட்டைக் காட்டிவிடுவார்கள். இருக்கிற கொஞ்ச காலம் நிம்மதியாக இருந்துவிட்டுப் போகட்டும்.

மணமேல்குடியில் அவருக்கு மோட்டார் காயில் கட்டுகிற கடை இருந்தது. போர்வெல் மோட்டார் புகைந்துபோனால் சுற்றுவட்டாரத்தில் அவரிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். கோயில் திருவிழா, கல்யாணம், காதுகுத்து என்று எங்கள் பாட்டுக் குழுவுக்கு அழைப்பு வந்தால் கடையைப் பூட்டிவிட்டுக் கிடாரோடு வந்துவிடுவார். நான் பாடுவேன். செல்வம் தாளத்துக்கு எலக்ட்ரானிக் பேட் வாசிப்பான். குழுவின் தலைவர் அறந்தாங்கிக்காரர், கீபோர்டு வாசிப்பவர். இவருக்கும் தலைவருக்கும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை.

காரணம் அந்தக் கிடார்தான். சாதாரண எலக்ட்ரிக் கிடாரில் தந்திகளுக்கு அடியில் பட்டையாக ஒரு காந்தச் சுருள் இருக்கும். பிக்கப் என்பார்கள். ஆறு தந்தியின் அதிர்வையும் அது ஒன்றாக வாங்கி ஒரே ஒயரில் அனுப்பிவிடும். அப்புறம் எக்கோ வைத்தாலும் சரி, கரகரப்பு வைத்தாலும் சரி, ஆறுக்கும் சேர்த்துத்தான் விழும். இவருக்கு அது பொறுக்கவில்லை. சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த காலத்தில், தந்திக்கு ஒரு பிக்கப் வைத்த கிடாரை ஒரு கடையில் பார்த்திருக்கிறார். வாங்க வழியில்லை. ஊருக்கு வந்து பழைய கிடார் ஒன்றைப் பிடித்து, அதிலிருந்த பிக்கப்பைப் பெயர்த்துப் போட்டுவிட்டு, தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பியில் சுண்டுவிரல் நகத்தளவுக்கு ஆறு காயில் சுற்றி மாட்டினார். தந்திக்கு ஒரு பிக்கப், பிக்கப்புக்கு ஒரு ஒயர், ஒயருக்குச் சத்தத்தை மாற்ற ஒரு பெடல், பெடலுக்குச் சத்தத்தைப் பெருக்க ஸ்பீக்கரோடு ஓர் ஆம்ப் பெட்டி. ஆறு பெட்டியும் இரும்புத் தகடு போட்ட பழைய பெட்டிகள், அங்கங்கே கிடைத்ததை வாங்கிச் சரிசெய்தவை.

முதல் நாள் அவர் சாமான்களை வேனிலிருந்து இறக்கியபோது தலைவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

“ஒரு கிடார்காரனக் கூப்பிட்டேன். கல்யாண வீட்டுச் சீர்வரிசையே எறங்குது!”

ஆனால் வாசித்தால் வாய் அடைத்துப்போகும். அறந்தாங்கியில் ஒரு கல்யாண வரவேற்பு. மண்டபக்காரர் நல்ல மனுசன், பெட்டிகளை இஷ்டப்படி வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். இவர் ஆறையும் மண்டபத்தைச் சுற்றி வைத்தார். தடித்த தந்தியின் சத்தம் வாசல் பக்கமிருந்து தரையோடு தரையாக வந்தது. நடுத் தந்தி இரண்டும் இரண்டு சுவர்களிலிருந்து கரகரவென்று ஒன்றோடொன்று பேசின. மெல்லிய தந்திக்கு எக்கோவைக் கூட்டி, பெட்டியைச் சமையல்கட்டு வாசலில் வைத்திருந்தார். அவர் விரல் எடுத்த பிறகும் அங்கிருந்து அது தாமதமாக வந்துகொண்டே இருந்தது. பந்தியில் இருந்தவர்கள் சாப்பிடுவதை விட்டுவிட்டு இங்கிட்டும் அங்கிட்டும் தலையைத் திருப்பினார்கள். ஒரு மனுசன் ஒரு கிடாரை வாசிக்கிறார் என்று யாரும் நம்பவில்லை. நான் என் வரியை எடுக்க மறந்துபோய் நின்றேன். செல்வம் பேட் குச்சியால் என் முழங்கையில் தட்டினான்.

அந்த மாதிரி ஒரு மண்டபம் எப்போதாவதுதான் அமையும். மற்றபடி எல்லாம் ஊர்த் திருவிழா. வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர்தான். சவுண்ட் சர்வீஸ்காரர் ஆறு ஒயரையும் வாங்கி ஒன்றாக முறுக்கி ஒரே குழாயில் விட்டுவிடுவார். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது.

“அண்ணே, நீங்க அறுவது ஒயர் குடுத்தாலும் கேக்குறவனுக்கு இந்த ஒரு குழாய்தாண்ணே” என்பார்.

இவருக்கு முகம் சுண்டிப்போகும். அதனாலேயே மேடையில் தன் ஆறு பெட்டியையும் வரிசையாக வைத்து, முன்னால் உட்கார்ந்திருக்கிற இருபது பேருக்காவது தனித்தனியாகக் கேட்கட்டும் என்று வாசிப்பார்.

மனிதர்களிடமும் இதே கதைதான். ஒருநாள் மைக் பெட்டியை ஏதோ ஊரில் விட்டுவிட்டு வந்துவிட்டோம். தலைவர், “சரி விடுங்கப்பா, எல்லாருந்தான் மறந்துட்டோம்” என்றார். விட வேண்டியதுதானே? இவர் விடவில்லை. மேடையிலிருந்து யார் இறக்கியது, யார் கையில் வாங்கியது, வேன் கதவுக்குப் பக்கத்தில் யார் நின்றது என்று புதுக்கோட்டை வரும்வரை ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தார். கடைசியில் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு டீக்குடிக்கப் போனது தலைவரின் மச்சான் என்று தெரிந்தது. அந்தப் பையன் வேனில் அழுதுவிட்டான். தலைவர் இவரோடு வாரக்கணக்கில் பேசவில்லை.

“அவன அழ வச்சு என்னண்ணே கண்டீங்க?” என்று நான் சண்டைக்குப் போனேன்.

“அவன் மட்டும் அழுதான். இல்லாட்டி எட்டுப் பேரும் ஒருத்தன ஒருத்தன் சந்தேகமாப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்போம்.”

என்னையும் விட்டதில்லை. நானும் இன்னொரு பெண்ணும் கோரஸ் பாடும்போது ஓரிடத்தில் சுருதி இறங்குகிறது என்று தலைவர் பொதுவாகச் சொன்னார். இவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, “தாயி, நீதான். அந்தப் புள்ள சரியாப் பாடுது. நீ அவ கொரலுக்குள்ள போயி ஒளிஞ்சுக்கிற” என்றார். எல்லார் முன்னாலும். எனக்கு ஆத்திரமான ஆத்திரம். ஆனால் உண்மை. தன் தப்பையும் அப்படித்தான் சொல்வார். வேன் கிளம்பத் தாமதமானால், “பத்து நிமிசம் என்னால. மிச்சம் டிரைவரால” என்பார். இப்படிப்பட்ட ஆளோடு குடும்பம் நடத்த முடியுமா? அவர் மனைவி பிறந்த வீட்டுக்குப் போனவர் திரும்பவே இல்லை. அதைக் கேட்டபோதும், “முக்கால்வாசி நான், கால்வாசி எங்கம்மா” என்றுதான் சொன்னார்.

இந்தக் கிறுக்கு எங்கிருந்து வந்தது என்று கோட்டைப்பட்டினத்தில் ஒருநாள் தெரிந்தது. அங்கே ஒரு நிகழ்ச்சிக்குப் போயிருந்தோம். சாயங்காலம் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தோம், விசைப்படகுகள் கரை வந்துகொண்டிருந்தன. யாரும் கேட்காமலே அவர் சொல்ல ஆரம்பித்தார். அவருடைய அப்பா விசைப்படகில் போய்க்கொண்டிருந்தவராம். நடுக்கடலில் எஞ்சின் நின்று, காற்றில் படகு சாய்ந்து, அப்பா மட்டும் திரும்பவில்லை.

“கடல் எடுத்துக்கிருச்சுன்னு ஊரே சொன்னுச்சு. மொத நாளு அந்த எஞ்சினக் கழட்டி மாட்டுனது யாருன்னு நான் கேட்டேன். சின்னப் பயன்னு வெரட்டிவிட்டாங்க. எங்கம்மாவும் கேக்கல. எல்லாருமாச் சேந்து அந்த ஒருத்தனக் காப்பாத்திட்டாங்க தாயி. அப்பறம் கரையில எவனப் பாத்தாலும் இவனா இருக்குமோ, இவனா இருக்குமோன்னுதான் பாத்தேன். மிட்டாய் வாங்கிக் குடுத்த ஆளக்கூட நம்ப முடியல. யாருன்னு சொல்லியிருந்தா ஒருத்தன மட்டும் வெறுத்துட்டு மத்தவங்களோட நல்லா இருந்திருப்பேன்ல?”

செல்வம் பக்கத்தில்தான் நின்றான். அதற்குப் பிறகு அவரைப் போல மூக்கை உறிஞ்சிக் காட்டுவதை அவன் நிறுத்திவிட்டான்.

இனி செல்வம் போன அந்தப் பங்குனிக்கு வர வேண்டும்.

ஆறு பெட்டி இருந்தால் ஆறு இரைச்சல் இருக்கும். வாசிக்காத நேரத்தில் பெட்டிகள் ம்ம்ம் என்று முனகிக்கொண்டே இருக்கும். ஒன்றின் முனகல் இன்னொன்றில் ஏறும். தனித்தனியாகப் பிரித்து வைத்ததையெல்லாம் அந்த இரைச்சல் ஒன்றாக்கிவிடுகிறது என்று அவருக்குத் தூக்கமே போயிற்று. பிளக்கில் வருகிற எர்த் ஒயர் வழியாகத்தான் பெட்டிக்குப் பெட்டி தொடுப்பு ஏற்படுகிறது என்று கண்டுபிடித்தார். ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்ற ஐந்து பெட்டிகளின் பிளக்கைத் திறந்து, உள்ளேயிருந்த பச்சை ஒயரைக் கழற்றி, மடக்கி வைத்து மூடிவிட்டார். கிடாருக்கும் பெட்டிகளுக்கும் நடுவில் தானே சுற்றிய சின்ன டிரான்ஸ்பார்மர்களை வைத்து அதையும் பிரித்தார். இரைச்சல் சுத்தமாக நின்றது. இதெல்லாம் எங்களுக்குப் பின்னால் தெரிந்தது. வெளியே பார்த்தால் பிளக்குகள் எப்போதும்போல மூன்று பின்னோடுதான் இருந்தன. அன்றைக்குப் பெட்டிகள் முனகாமல் இருந்ததைப் பார்த்து, “அண்ணே, கிணத்துக்குள்ள எறங்குன மாதிரி இருக்குண்ணே” என்று செல்வம் சந்தோசப்பட்டான்.

அறந்தாங்கிக்குக் கிழக்கே ஓர் ஊர்க் கோயில் திருவிழா. கோயில் இடத்தில் போட்ட மேடை என்பதால் எல்லாரும் செருப்பைக் கீழே விட்டுவிட்டுத்தான் ஏறினோம். வெயில் இறங்குகிற நேரம். மைக்கெல்லாம் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது யாரும் எதிர்பார்க்காத மழை பிடித்தது. மேடையில் விரித்த சமுக்காளம் நனைந்துபோனது. ஆளுக்கு ஒரு சாமானை இழுத்துப் பந்தலுக்கு நடுவே கொண்டுபோனோம். இவர் கிடாரைச் சட்டைக்குள் வைத்துப் பொத்திக்கொண்டு நின்றார். ஓரத்தில் ஒரு பெட்டியின் மேல் தண்ணீர் ஒழுகியது. “அண்ணே, நான் எடுக்கிறேன்” என்று செல்வம் போய் அதை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தான்.

அவன் சத்தம் போடவில்லை. பெட்டியைப் பிடித்தபடியே நின்றான். விளையாடுகிறான் என்று நினைத்து, “அடேய், தூக்குடா” என்றேன். அப்புறம் சாய்ந்தான். இவர்தான் முதலில் ஓடி மெயினை அணைத்தார். செல்வத்தை மடியில் போட்டு நெஞ்சைக் குத்திக் குத்திப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் எங்களை உள்ளே விடாமல் வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். அவனுக்கு அடுத்த மாசம் பெண் பார்க்கப் போவதாக இருந்தோம்.

கரண்ட் என்றால் சவுண்ட் சர்வீஸ்காரர்தானே. ஊர்ப் பையன்கள் அவரைப் பிடித்து அடித்ததில் அவர் கை உடைந்தது. எங்கள் அம்மா கூடத்தில் உட்கார்ந்துகொண்டு அவர் பேரைச் சொல்லி மண்ணை வாரித் தூற்றினாள். அவர் வீட்டில் விளக்கு எரியக் கூடாது, அவர் பிள்ளை தலையெடுக்கக் கூடாது என்று தொண்டை கட்டுகிற வரைக்கும். நாங்கள் யாரும் தடுக்கவில்லை. சாபம் போடுகிற நேரத்தில் அவள் அழாமல் இருந்தாள், தண்ணீர் குடித்தாள். எங்களுக்கு அதுவே பெரிதாக இருந்தது.

இவர் அந்த நாட்களில் வீட்டுக்கு வரவில்லை. தூக்கிக்கொண்டு போனபோது கடைசியில் நடந்து வந்தார், சுடுகாட்டு வாசலில் நின்றார், போய்விட்டார். பால் தெளித்த அன்றைக்கு வீடு நிறைய ஆட்கள் இருந்தபோது வந்தார். தலைவரும் இருந்தார். இவர் நேரே போய் அம்மாவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

“ஆத்தா, அந்த சவுண்ட் சர்வீஸ் தம்பிய ஏதும் சொல்லாதீங்க. அவன் மேல தப்பில்ல. நான்தான்.”

யாருக்கும் புரியவில்லை. அவர் பொறுமையாக விளக்கினார். எர்த் ஒயரைக் கழற்றியது, பெட்டிக்குள் பழைய ஒயர் ஒன்று தோல் உரிந்து தகட்டில் பட்டது, எர்த் இருந்திருந்தால் அந்த நிமிசமே ஃப்யூஸ் போயிருக்கும் என்பது. கிடாரைப் பிடித்திருந்த தனக்கு ஒன்றும் ஆகாத அளவுக்குப் பிரித்து வைத்திருந்ததையும் சொன்னார். ஒரு மோட்டாரில் என்ன கோளாறு என்று சொல்வது போலத்தான் சொன்னார். எனக்கு எழுந்துபோய் அவர் வாயைப் பொத்த வேண்டும் போல இருந்தது.

தலைவர் குறுக்கே வந்தார். “ஏப்பா, மழ பேஞ்சுச்சு. கோயில் ஒயரிங் பழசு. நாம அவசரப்பட்டோம். எல்லாருக்குந்தான் பங்கு இருக்கு. அதையெல்லாம் இப்பப் பேசாத.”

“கலக்காதீங்கண்ணே. மழ எல்லாரு மேலயுந்தான் பேஞ்சுச்சு. கழட்டுனது நான் ஒருத்தன்.”

“அப்பறம் ஏன்யா மூணு நாளா வாயத் தொறக்கல?” என்று எங்கள் சித்தப்பா எகிறினார்.

“சோதிச்சுப் பாக்காமச் சொல்லக் கூடாதுல்லங்க. பெட்டிய நேத்துத்தான் தொறந்து பாத்தேன்.”

இதை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. சோதித்துப் பார்த்தாராம். அங்கே ஒரு மனிதர் கை உடைந்து கிடக்கிறார், இவர் சோதித்துப் பார்த்தாராம்.

அம்மா அவரைப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்.

“இத ஏன்யா எங்கிட்ட வந்து சொன்ன? அந்தப் பயலத் திட்டிக்கிட்டாவது நாளக் கழிச்சிருப்பேனே. ஒன்னைய நான் எப்பிடிய்யா திட்டுவேன்? இந்தக் கையாலதான ஒனக்குச் சோறு போட்டேன்.”

“திட்டுங்க ஆத்தா. அதுக்குத்தான் வந்தேன்.”

“மாட்டேன். எந்திரிச்சுப் போயிரு.”

அவர் எழுந்திருக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, விழப்போகிற அடிக்குக் காத்திருக்கிறவர் போல அங்கேயே உட்கார்ந்திருந்தார். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்றைக்கு நின்றதுதான் அவள் சாபம். அதற்குப் பிறகு ஒருவரையும் அவள் திட்டவில்லை. அழுகை வந்தால் அழுகை மட்டும் வந்தது, போக ஒரு திசையில்லாமல்.

இவர் எங்களுக்குக் கொடுக்க நினைத்தது என்ன என்று எனக்குத் தெரியும். சின்ன வயசில் தனக்கு யாரும் சொல்லாததை எங்களுக்குச் சொன்னார். ஒருத்தரை மட்டும் வெறுத்துவிட்டு மற்றவர்களோடு நல்லபடியாக இருங்கள் என்று ஆளைக் காட்டிவிட்டார். அந்த ஆள் வெறுக்க முடியாதவராக இருந்தால் என்ன செய்வது என்று அவர் யோசிக்கவே இல்லை.

போலீசிலும் அவரே போய்ச் சொன்னார். தலைவர் வக்கீல் வைத்து, மழையால் நடந்தது என்று எல்லாரும் சாட்சி சொல்கிறோம் என்றார். எங்கள் சித்தப்பாகூடச் சரி என்றுவிட்டார். கோர்ட்டில் இவர் வக்கீலைப் பேசவிடாமல் ஒப்புக்கொண்டார். சில மாசம் உள்ளே இருந்துவிட்டு வந்தார். வந்த பிறகு கிடாரைத் தொடவில்லை. ஆறு காயிலையும் பிரித்து எடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். கோர்ட்டிலிருந்து பெட்டிகள் திரும்பி வந்தபோது, ஐந்து பிளக்கிலும் பச்சை ஒயரை மறுபடி மாட்டி, கடை மூலையில் அடுக்கி வைத்தார். அதில் செல்வம் பிடித்தது எந்தப் பெட்டி என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

வருசா வருசம் செல்வத்தின் திதியன்று வருவார். வாசல்படிக்கு வெளியே நிற்பார். அம்மா வா என்றும் சொல்ல மாட்டாள், போ என்றும் சொல்ல மாட்டாள். அவள் பாட்டுக்குப் படையல் வேலையைப் பார்ப்பாள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அவர் போய்விடுவார். ஒரு வருசம் நான் தெருமுனை வரைக்கும் கூடப் போனேன்.

“ஏண்ணே, அதான் கோர்ட்டுல தண்டன குடுத்துட்டாங்கல்ல? எதுக்கு வருசா வருசம் வந்து நிக்கிறீங்க?”

“கோர்ட்டுக்கு செல்வத்தத் தெரியாது தாயி. ஆத்தாவுக்குத்தான தெரியும்.”

அப்போதுதான் அவர் எவ்வளவு மெலிந்துவிட்டார் என்று பார்த்தேன். கழுத்து எலும்பு சட்டைக்கு மேலே துருத்திக்கொண்டிருந்தது. ஒருநாளும் அவர் அழுது யாரும் பார்த்ததில்லை. செல்வத்தை மடியில் போட்டிருந்தபோதுகூட அழவில்லை. அதை வைத்து எங்கள் சொந்தக்காரர்கள் கல்நெஞ்சன் என்றார்கள். எனக்கும் சில நேரம் அப்படித் தோன்றியிருக்கிறது.

போன மாசியில் அம்மா இறந்துபோனாள். கடைசி நாட்களில் யார் யாரையோ கேட்டாள். செத்துப்போன அப்பாவைக் கேட்டாள், தவறிப்போன மாட்டைக் கேட்டாள், செல்வம் சாப்பிட்டானா என்று கேட்டாள். இவரைக் கேட்கவே இல்லை.

சேதி எப்படியோ போய் அவரும் வந்திருந்தார். அம்மாவை எடுத்துக்கொண்டு போன பிறகு, பந்தலில் ஆண்கள் திரும்பி வந்து கால் கழுவிக்கொண்டிருந்தபோது, ரோட்டோரம் புளியமரத்துக்கு அடியில் அவர் நிற்பதைப் பார்த்துப் போனேன். முடியெல்லாம் நரைத்து, தோளில் ஒரு துண்டோடு நின்றார்.

“தாயி, ஆத்தா கடைசியா என்னையப் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களா?”

“இல்லண்ணே.”

“திட்டுனாங்களா?”

“இல்ல.”

“நெனவு தப்புனப்பகூடவா? ஒரு வார்த்தகூடவா?”

“ஒண்ணுமே சொல்லலண்ணே.”

அவர் மரத்தில் கையை ஊன்றிக்கொண்டார். இனி அந்த வாய் பேசாது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். நான் திரும்பி வந்திருக்கலாம். ஆனால் அவர் முகத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குள் என்னென்னவோ பொங்கியது. கை உடைந்த மனிதர், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்த அம்மா, பெண் பார்க்கப் போகாத தம்பி, வாசல்படிக்கு வெளியே வருசா வருசம் நின்ற இந்தக் கால்கள். கோபமா இரக்கமா என்று எனக்கே தெரியவில்லை.

“என் தம்பிய நீங்கதாண்ணே கொன்னீங்க” என்றேன்.

எங்கள் வீட்டில் அதுவரைக்கும் யாரும் சொல்லாதது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“ஆமா தாயி. இன்னொரு தரம் சொல்லு.”

சொன்னேன். இந்தத் தடவை சத்தமாக வந்துவிட்டது. பந்தலில் இருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டு, ரோட்டில் பஸ் வந்து நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு போன பிறகும், நின்ற இடத்திலேயே நின்று அழுதுகொண்டிருந்தார்.